வெறும் வயிறு

"தலையை மட்டும் பிடிச்சுக்குங்க சார்" என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் ஊசி இறங்கி வெளியே வந்துவிட்டது. செம்பி காதிலிருந்து வால்வரை ஒரு தடவை சிலிர்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள், நீதானே பிடித்துக்கொண்டிருந்தாய் என்பதுபோல. டாக்டர் பெனாசிர் ஊசியை ஒரு டப்பாவில் போட்டார். "இது முதல் ஊசி. கொஞ்ச நேரத்துல கண்ணு சொருகும். அதுக்கப்புறம் உள்ள கொண்டுபோய் நரம்புல இன்னொண்ணு போட்டாத்தான் முழு மயக்கம். அதுவரைக்கும் நீங்க பக்கத்துல இருங்க, தெரிஞ்ச கை இருந்தா பயப்படாது." கையுறையைக் கழற்றிக்கொண்டே, எல்லாரிடமும் கேட்கிற குரலில் கேட்டார்: "நேத்து ராத்திரிக்கு அப்புறம் ஒண்ணும் சாப்பிடலையே?" "இல்ல டாக்டர். வெறும் வயிறுதான்." லூர்தம்மாள் பக்கத்து அறையில் பழைய போர்வை ஒன்றை விரித்துப் போட்டாள். ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து இங்கே வேலை செய்கிறவள், டாக்டரைவிட நாய்களுக்கு அவளைத்தான் தெரியும். செம்பி நாலு எட்டு வைத்தாள், பின்னங்கால்கள் தனியாக ஒரு பக்கம் போயின. "நடையைப் பாருங்க சார், எங்க வீட்டுக்காரரு சம்பளத்தன்னிக்கு வர்ற மாதிரியே இருக்கு" என்றாள் லூர்தம்மாள். நான் சிரித்தேன். சிரித்த பிறகுதான் சிரித்தது தெரிந்தது. காலையிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது, மார்புக்குள் யாரோ ஒரு மேஜையை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்ததுபோல. மனைவி மரகதம் போன பிறகு இப்படி ஒரு காலை வந்ததில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து செம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். முழங்கால் முணுமுணுத்தது. தரை குளிர்ச்சியாக இருந்தது. பினாயில் வாடை, அதற்கு அடியில் எத்தனையோ நாய்களின் ஈர ரோம வாடை.

கை தானாக அவள் வயிற்றுப் பக்கம் போய் அந்தக் கட்டியைத் தொட்டது. தொடாமல் இருக்க முடிவதில்லை, நாக்கு ஆடுகிற பல்லைத் தேடிப் போவதுபோல. கடைசி மடிக்காம்புக்குப் பக்கத்தில் நெல்லிக்காய் போல உருளுகிறது. மாசியில் குளிப்பாட்டும்போது புளியங்கொட்டையாக இருந்தது. "எடுத்துடலாம் சார், விட்டா பரவும்" என்றார் டாக்டர். பதினோரு வயசு நாய் மயக்க மருந்து தாங்குமா என்று நான் கேட்டேன், ஒரு தடவை அல்ல, போனில், நேரில், மறுபடியும் போனில். அவர் சலித்துக்கொள்ளவில்லை. இதயத்தைக் கேட்டுப் பார்த்தார், ரத்தம் எடுத்து அனுப்பினார், எடை பார்த்தார், எடைக்குத் தகுந்தாற்போலத்தான் மருந்து என்றார். "பயம் மருந்துல இல்ல சார், வயித்துலதான் இருக்கு. மயக்கத்துல தொண்டையும் தூங்கிடும். வயித்துல சோறு இருந்து மேல வந்துச்சுன்னா நேரா நுரையீரலுக்குப் போயிரும். மத்ததையெல்லாம் நாங்க பாத்துக்குவோம். வயித்தை மட்டும் நீங்க பாத்துக்குங்க." நான் தலையாட்டினேன். எனக்கா இதைச் சொல்லித் தர வேண்டும். மின்வாரியத்தில் இருந்தவன். மெயினை இறக்காமல் கம்பத்தில் ஒருத்தனையும் ஏறவிட்டதில்லை. காரணம் கேட்காமல் விதியைப் பிடித்துக்கொண்டதனால்தான் என்னோடு வேலை பார்த்தவர்கள் பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். மரகதத்துக்கும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். வெறும் வயிறு. பித்தப்பையில் கல், சின்ன ஆபரேஷன், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம், காலையில் முதல் ஆள். அப்புறம் ஒரு விபத்துக் கேஸ் வந்தது, மத்தியானம் என்றார்கள், மத்தியானம் போய்ச் சாயங்காலம் என்றார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, எதிர்க் கட்டில்காரி வீட்டிலிருந்து வந்த தூக்குவாளியைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வாய் ரசஞ்சோறு வாங்கித் தாங்களேன். யாருக்குத் தெரியப்போவுது." வெளியே வந்ததும் தருகிறேன் என்றேன். "ஆமா, உங்ககிட்ட கேட்டேன் பாருங்க. வீட்டு பல்பை மாத்துறதுக்கே மேலதிகாரி கையெழுத்து வேணும்பீங்க." தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோகும்போது உதடு வறண்டு வெள்ளையாக இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் கையைத் தூக்கி, ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள், மறந்துடாதீங்க என்று. சிரித்துக்கொண்டேதான் காட்டினாள். மயக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது, எங்கோ ஒருத்தருக்கு இப்படி ஆகும், யார் மேலும் தப்பில்லை என்றார்கள். நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். சாவைக்கூட மனசு ஒரு மாதிரி மென்று விழுங்கிவிட்டது. அந்தக் குவிந்த கை மட்டும் தொண்டையில் நிற்கிறது. பசியோடு போனாள். நான் மறித்த இரண்டு வாய்ச் சோறு.

செம்பி பெருமூச்சு விட்டாள். கண்கள் பாதி மூடி, மூடாமல், உள்ளிருந்து ஒரு வெள்ளைத் தோல் மூலையில் எட்டிப் பார்த்தது. காதை வருடினேன், காது அசையவில்லை. மரகதம் வருடினால் இந்தக் காது தனியாக ஆடும். தெருவில் சாக்கடை ஓரத்திலிருந்து முந்தானையில் சுற்றி எடுத்துவந்தவள் அவள்தான். மகள் கீர்த்தனா கல்யாணமாகிப் புனே போன வருஷம். நாய் வேண்டாம் என்று நான் சொன்னேன், உங்களைக் கேட்டால் உங்களையே வேண்டாம் என்றுதான் சொல்லுவீர்கள் என்றாள். அமாவாசை தோறும் அவள் மொட்டை மாடியில் காக்காவுக்கு வைப்பாள், என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும். நான் கீழேயிருந்து கிண்டல் பண்ணுவேன், எங்கப்பா வரணும்னா வாசல் வழியா வரமாட்டாரா, பறந்துதான் வரணுமா என்று. "வாசல் வழியா வந்தா நீங்க அடையாள அட்டை கேப்பீங்களே" என்பாள். அவளுக்கு நான் வைக்க வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. நம்பிக்கை வந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் அமாவாசை வந்தால் காலையில் குளித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கிறேன். நான் வைத்த வெந்நீர்கூட அடிபிடிக்கும் என்பாள், இப்போது பருப்பு வேக வைக்கிறேன், வாழைக்காய் வறுக்கிறேன், வாழை இலைத் துண்டில் நெய் விட்டுப் பிசைந்து கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவரில் வைத்துக் கா கா என்று கூப்பிடுகிறேன், அக்கம்பக்கத்தில் கேட்குமே என்று பாதிக் குரலில். ஒரு மாதமும் காக்கா தொடவில்லை. வந்து உட்காரும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், அலகை ஒரு தடவை சுவரில் தீட்டிவிட்டுப் போய்விடும். சாயங்காலம் எறும்பு மொய்த்த சோற்றை வழித்துப் போடுவேன். பக்கத்து மாடியில் துணி உலர்த்துகிற அம்மாள் ஒருநாள் "உப்பு பாத்தீங்களாண்ணே" என்று கேட்டாள். உப்பு பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. கோபம் என்று தோன்றியது. கேட்டபோது தராதவன் கேட்காதபோது கொண்டுவந்து வைக்கிறான், சாப்பிடுவாளா. இப்படியெல்லாம் நினைக்கிற ஆள் இல்லை நான், ஆனால் நினைத்தேன். இன்றைக்கு ஆபரேஷன் நாள், இன்றைக்கே அமாவாசையும். வைத்துவிட்டுக் கீழே வந்தேன், சிலிண்டர்காரன் வாசலில் மணியடித்தான், அவனோடு நின்று பேசி அனுப்பிவிட்டு மேலே போனால் இலை காலியாக இருந்தது. ஒரு பருக்கை இல்லை. அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. போனில் படம் எடுத்துக் கீர்த்தனாவுக்கு அனுப்பினேன். அம்மா சாப்பிட்டுவிட்டாள், ஒரு பருக்கை மிச்சமில்லை என்று எழுதினேன். அவள் குரலாகவே பதில் அனுப்பினாள், பாதிக்கு மேல் பேச்சே இல்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவள்தான், ஆபீஸ் போய்ச் சேர்ந்திருப்பாள். செம்பிக்கு ஊசி போட்டாச்சா என்று கேட்டிருந்தாள், அதற்குக் கீழே இன்னொன்று: "அப்பா, காக்கா எத்தனை வந்துச்சு? ஒண்ணா, கூட்டமாவா?" ஒற்றைக் கையால் பதில் எழுதப் போனேன். கூட்டமாக என்று எழுதலாம், ஒன்று என்று எழுதலாம். எழுதவில்லை. நான் பார்க்கவில்லையே. வந்ததைப் பார்க்கவில்லை, போனதைப் பார்க்கவில்லை, கத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. மேலே போனபோது மாடியில் இருந்தது காலி இலையும், தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்து வாலை ஒரு தடவை தரையில் தட்டின செம்பியும். அவள் எப்போது மேலே வந்தாள். என் பின்னாலேயே வந்திருப்பாள். கூடவே இறங்கினாளா. சிலிண்டர்காரன் வந்தால் குரைப்பாளே, குரைத்தாளா. குரைக்கவில்லை. இருக்கட்டும், கைப்பிடிச் சுவர் என் மார்பு உயரம், மூட்டு வலிக்காரி, சோபாவில் ஏறவே என்னைக் கூப்பிடுகிறவள், எப்படி எட்டும். எட்டாது. அதோடு விடலாம். விட்டேன். செம்பியின் நெற்றியைத் தடவினேன். சுவருக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற கல் இருக்கிறது. இருந்தால் என்ன, கல் இந்த மூலையில், இலை அந்த மூலையில். இல்லை, வெயில் படாமல் இருக்கட்டும் என்று இந்தத் தடவை இலையைக் கல் பக்கம்தான் வைத்தேன். நேற்று ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாத நாய். நெய் வாசனை. பசி வந்தால் மூட்டு வலி எங்கே போகும். பிறகு சமையலறையில் நான் காப்பி குடித்தபோது காலடியில் வந்து நிற்கவில்லை, காலித் தட்டை மூக்கால் தள்ளவில்லை, போய் மூலையில் படுத்துக்கொண்டாள். பாவம், சோர்வு என்று நினைத்தேன். போனில் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். இலை சுவரின் மேல் அசையாமல் கிடக்கிறது. பச்சையாக, ஈரமாக, பளபளவென்று. காக்கா கொத்தும். கொத்தினால் இலை கிழியும், சிதறும், சுவரெல்லாம் பருக்கை கிடக்கும், வாழைக்காயைத் தூக்கிக்கொண்டு போனால் பருப்பு இங்கே இருக்கும். இத்தனை வருஷம் மரகதம் வைத்த இலைகளை நான் பார்த்திருக்கிறேன், ஒன்றுகூடத் துடைத்ததுபோல இருந்ததில்லை. ஒரு பருக்கை மிச்சமில்லை என்று நானேதான் எழுதினேன், அதைத்தான் பெரிய அதிசயமாக எழுதினேன்.

இப்போது செம்பியின் வாய் என் தொடைமேல் இருக்கிறது. மேலுதடு தளர்ந்து ஒரு ஓரம் மடிந்திருக்கிறது. விரலால் அதைக் கொஞ்சம் தூக்கினால் பல் இடுக்கில் தெரிந்துவிடும். விரல் அங்கே வரைக்கும் போனது. தூக்கவில்லை. தெரியாமல் இருக்கிற வரைக்கும் மரகதம் சாப்பிட்டிருக்கிறாள். அவள் வந்திருக்கிறாள், கோபம் போயிருக்கிறது, உப்பு சரியாக இருந்திருக்கிறது. லூர்தம்மாள் எட்டிப் பார்த்து "வாந்தி கீந்தி எடுத்துச்சா" என்றாள். இல்லை என்றேன். "சிலது எடுக்கும். வெறும் வயித்துல என்ன வரப்போவுது, மஞ்சத் தண்ணி வரும், பயந்துராதீங்க." போய்விட்டாள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டிருந்தாலும் இதற்குள் செரித்திருக்காதா, ஒரு பிடிச் சோறுதானே. ஒரு பிடி இல்லை, மரகதத்துக்கு இந்தத் தடவை நிறைய வைத்தேன். அப்படியே இருந்தாலும் மேலே வர வேண்டும் என்று என்ன கட்டாயம், நூறு நாய்க்கு ஒன்றோ இரண்டோ. டாக்டர் கெட்டிக்காரி. குழாய் வைப்பார்கள். இன்னொன்றும் தோன்றியது: வெறும் வயிற்றோடு போனவள் திரும்பி வரவில்லை. விதியைக் காப்பாற்றினேன், விதி யாரைக் காப்பாற்றியது. நிறைந்த வயிற்றோடு போகிறவள் ஏன் வரக்கூடாது. பசியில்லாமல் ஒருத்தியாவது போகட்டுமே. பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும், கட்டியும் போய்விடும், கீர்த்தனாவுக்கும் கூட்டமாக என்று எழுதிவிடலாம். பேசினால் மரகதம் சாப்பிடவில்லை. அந்தக் கையைத் திரும்பவும் குவித்துக்கொண்டு கதவுப் பக்கம் நிற்பாள். என் கை செம்பியின் வயிற்றின்மேல் இருந்தது, கட்டியின்மேல் அல்ல, கொஞ்சம் மேலே. விலா முடிகிற இடத்தில் கெட்டியாக இருந்தது. உள்ளே ஏதோ குழாயில் தண்ணீர் இறங்குகிறதுபோல ஒரு சத்தம் போயிற்று. அவள் மூச்சு ஒன்று வந்தது. அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தேன். வந்தது. தொண்டையும் தூங்கிவிடும் என்றாரே. அது எப்படி இருக்கும், தண்ணீருக்குள் மூச்சு விடுவதுபோலவா. மரகதத்துக்குக் கடைசியில் எப்படி இருந்தது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாள், ஒன்றும் தெரிந்திருக்காது என்று அவர்களாகச் சொன்னார்கள்.

"என்ன சார், ஆளு தூங்கிட்டாங்களா" என்று டாக்டர் வந்தார். பச்சைத் துணித் தொப்பி போட்டிருந்தார், கையில் சின்ன தட்டு, தட்டில் இரண்டாவது ஊசி, பால் மாதிரி வெள்ளையாக. "தூக்கலாம் லூர்து." லூர்தம்மாள் குனிந்து செம்பியின் அடியில் இரண்டு கையையும் கொடுத்தாள். என் மடியிலிருந்து கனம் எழுந்தது. நான் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், விடவில்லை. லூர்தம்மாள் பார்த்தாள். "விடுங்க சார், பத்திரமா கொண்டாந்து குடுத்துருவோம்." இருக்கலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சாப்பிட்டிருந்தாலும் இருக்கலாம் என்று. "சாப்பிட்டிருக்கு டாக்டர்" என்றேன். "எது?" "செம்பிதான் சாப்பிட்டுச்சு." லூர்தம்மாள் அவளை மெதுவாகக் கீழே வைத்தாள். "எப்ப சார்?" "காலையில." "நீங்கதானே குடுக்கலைன்னீங்க?" "நான் குடுக்கல. காக்காவுக்கு வச்சேன். பருப்புஞ்சோறு, நெய், வாழைக்காய்." டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும்போல இருந்தது. "பாத்தீங்களா, அது சாப்பிட்டதை?" பார்க்கவில்லை என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. "அதுதான் சாப்பிட்டுச்சு" என்றேன். என் குரல் எனக்கே மின்வாரியக் குரலாகக் கேட்டது. அவர் தட்டை ஜன்னல் திட்டில் வைத்தார். "சரி, இன்னிக்கு வேண்டாம். லூர்து, தலையைக் கீழ் பக்கமா சாய்ச்சுப் பிடி. முதல் ஊசிக்கு மாத்து மருந்து இருக்கு, போட்டுடறேன்." ஊசி போட்டு அவர் கையை எடுப்பதற்குள் செம்பியின் வயிறு உள்ளிழுத்து உள்ளிழுத்து எழுந்தது. கழுத்து நீண்டது. லூர்தம்மாள் தாடையைப் பிடித்துத் தரைப் பக்கம் திருப்பினாள், பெரிய துணி ஒன்றைக் காலாலேயே இழுத்து அடியில் தள்ளினாள். வந்தது. மறுபடியும் வந்தது. டாக்டர் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவி வழித்து எடுத்தார், மார்பில் குழாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். "நெஞ்சு சுத்தமா இருக்கு" என்றார். "ரெண்டாவது போட்டிருந்தா இவ்வளவும் உள்ளதான் போயிருக்கும். நல்லவேளை சொன்னீங்க." துணியில் கிடந்ததை நான் பார்த்தேன். முழுப் பருக்கைகள், மெல்லாமலே விழுங்கியிருக்கிறாள். வாழைக்காய்த் துண்டுகள், ஓரம் கொஞ்சம் கருகினது. நான் நறுக்கினதுதான், ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாக. எல்லாம் இருந்தது. வைத்தது அத்தனையும் இருந்தது. லூர்தம்மாள் துணியை நாலு மூலையும் சேர்த்து மடித்துக்கொண்டே, என்னைத் தேற்றுகிற மாதிரி, "நெய் நல்ல நெய் சார். வீட்ல உருக்கினதா?" என்றாள். ஆமாம் என்றேன். "வாசனையிலயே தெரியுது. நல்லாத்தான் சமைக்கிறீங்க."

எழுந்து நடக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம், இதே மாதிரி முந்தின ராத்திரியோடு நிறுத்திவிட வேண்டும், இந்தத் தடவை கட்டி வைத்துவிடுங்கள் சார் என்றார். சரி என்றேன். அடுத்த வாரம் மறுபடியும் அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும், அவள் வந்து அதை மூக்கால் தள்ளுவாள், நான் வெளியே வந்ததும் தருகிறேன் என்பேன். வேறு என்ன சொல்வது. போன் இன்னொரு தடவை அதிர்ந்தது, எடுக்கவில்லை. கீர்த்தனாவுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன், யோசனை ஓரிடத்தில் போய் நின்றது, அதற்கு மேல் போகவில்லை. அவளாவது அம்மா சாப்பிட்டதாகவே வைத்துக்கொள்ளட்டும். இல்லை, அதுவும் சரியாகப் படவில்லை. லூர்தம்மாள் தரையைத் துடைத்துவிட்டுப் போனாள், பினாயில் ஈரம் சதுரமாகக் காய்ந்துகொண்டு வந்தது. வெளியே யாரோ பூனைக்குச் சீட்டு போட விலாசம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செம்பி போர்வையில் பக்கவாட்டில் கிடந்தாள், முன்னங்கால் ஒன்று தூக்கத்தில் ஓடுவதுபோல மெல்ல இழுத்தது. பசி திரும்ப வந்திருக்கும். கண்கள் மூடாமலே இருந்தன, இமைக்கத் தெரியாமல், மேலே எரிகிற டியூப் லைட்டைப் பார்த்தபடி. சுவிட்ச் எங்கே என்று சுற்றிப் பார்த்தேன், அது கதவுக்கு வெளியே இருந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்து அவள் கண்ணுக்கு மேலே கொஞ்சம் உயரத்தில் பிடித்தேன். கை வலித்தபோது மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.